நினைவைத் தின்னும் மது

நம் உடலுறுப்புகளுள் தலைமை வாய்ந்தது மூளை. அதனை மது எவ்வாறு சிதைக்கின்றது என்பதை ஆராய்ந்தவர்களுள் ஒருவர், உருசிய நாட்டு மருத்துவராகிய செர்கே கோர்சக்காவ். 1854ஆம் ஆண்டில் பிறந்த இவர், மாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். 1887ஆம் ஆண்டில் டாக்டர் பட்டத்திற்காக ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார். நெடுங்காலம் மது அருந்தியோர்க்குக் கைகால்கள் செயலற்றுப் போவதே அதன் பொருள்.

அந்நோயாளிகள் சிலரிடம் அவர் ஒரு புதுமையைக் கண்டார். அவர்கள் தெளிவாக உரையாடினர்; சதுரங்கமும் ஆடினர். ஆயினும், மருத்துவர் வெளியே சென்று சில நிமிடங்களில் திரும்பினால், அவரை அன்று அப்பொழுதுதான் காண்பவர்போல வரவேற்றனர். இளமையில் நிகழ்ந்தவை அவர்கள் நினைவில் நின்றன; சற்றுமுன் நிகழ்ந்தவையோ நீர்மேல் எழுத்தாய் மறைந்தன. நடவாதவற்றை நடந்தனவாகவும் கூறினர். எனினும், பொய்யுரைக்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை.

உடலில் சேரும் நஞ்சே இதற்குக் காரணம் என்று கோர்சக்காவ் கருதினார். மது அருந்தாதவர் சிலரிடத்தும் இந்நோய் தோன்றுவதைக் கண்டு, அதனையும் மறையாது எழுதினார். இந்நோய்க்கு அடிப்படை, தயமின் என்னும் உயிர்ச்சத்தின் குறைவே என்பது இருபதாம் நூற்றாண்டில் விளங்கிற்று. 1926ஆம் ஆண்டில் சாவகத் தீவில் டச்சு அறிஞர் இருவர் அரிசித் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்த சத்து இதுவே ஆகும்.

சர்க்கரையிலிருந்து மூளை ஆற்றல் பெறுவதற்குத் தயமின் இன்றியமையாதது. குடல் அச்சத்தை ஏற்பதை மது தடுக்கின்றது. குடிப்பழக்கம் முற்றியவரோ உணவையும் குறைத்துக்கொள்கின்றனர். விறகு இருந்தும் தீ மூட்ட வழியற்ற அடுப்பைப்போல மூளை சோர்கின்றது. புதிய நினைவுகளைப் பதிக்கும் பகுதிகள் பழுதுறுகின்றன. நோயின் தொடக்கத்திலேயே தயமினை ஊசி வழியாகச் செலுத்தினால் பலர் தேறுவர். காலந் தாழ்த்தினாலோ, இழந்த ஆற்றல் பலருக்கு முழுமையாக மீள்வதில்லை.

குடியர் என்று இகழ்ந்து ஒதுக்கியிருந்தால், இவ்வுண்மைக்கு வழி பிறந்திராது. கோர்சக்காவ் அவர்களை அருகிருந்து உற்றுநோக்கினார்; மனநோயாளரைக் கட்டி வைக்கும் வழக்கத்தையும் எதிர்த்தார். மதுவால் பொருள் அழியும் என்பதை யாவரும் அறிவர். நேற்றைய நாளையே ஒருவனிடமிருந்து அது பறிக்கவல்லது என்பதையும் நாம் அறிதல் வேண்டும். நோயை வெறுப்போம், நோயாளியிடம் இரக்கம் கொள்வோம்.