சத்தம் வராத ஜெபம்

கேள்வி: எனக்குச் சரளமாக ஜெபிக்க வராது. நம் தேவை கடவுளுக்குத் தெரியும் என்றால், ஜெபிப்பதுதான் எதற்கு?

பதில்: சரளம் தேவையே இல்லை. சீலோவில் ஜெபித்த அன்னாளைப் பாருங்கள் (1 சாமுவேல் 1). உதடுகள் மட்டும் அசைந்தன. சத்தம் வெளியே வரவில்லை. குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார் ஆசாரியர் ஏலி. பிள்ளையில்லாத வேதனை, சக்களத்தியின் ஏச்சு, எதையும் அவள் மறைக்காமல் கொட்டினாள். அவள் கேட்ட மகன் சாமுவேல் பிறந்தது பிறகுதான். ஆனால் அன்றே எழுந்துபோய்ச் சாப்பிட்டாள், முகமும் தெளிந்தது. கேட்டது கைக்கு வருமுன்பே கடவுளோடு நெருக்கம் கிடைத்ததற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்று இயேசுவே மத்தேயு 6-இல் சொல்கிறார். சொன்ன கையோடு பரமண்டல ஜெபத்தையும் கற்றுத்தருகிறார். ஆக, ஜெபத்தில் நாம் தகவல் சொல்வதில்லை, நம்மையே திறந்துவைக்கிறோம். அப்படியானால் மனப்பாட ஜெபம் பொய்யா? இல்லவே இல்லை. சிலுவையில் இயேசு கதறியதே 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான். வார்த்தை வராத நாளில் அந்தச் சங்கீதத்தையே எடுத்து, உங்கள் வேதனையோடு மெதுவாக வாசியுங்கள்.