பதின்மூன்று மடங்கு ஈர்ப்பில் ஒரு தாவல்

மாடியிலிருந்து விழும் கல் நியூட்டனின் விதிக்குக் கட்டுப்பட்டது. விடியோ விளையாட்டில் பள்ளத்தைத் தாண்டும் பொம்மை எந்த விதிக்குக் கட்டுப்பட்டது?

1985-இல் ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டை வெளியிட்டது. மேடைக்கு மேடை தாவிச் செல்வதே ஆட்டம். அன்றைய கருவி காட்டிய படத்தில் அகலவாட்டில் 256 புள்ளிகளும் உயரவாட்டில் 240 புள்ளிகளுமே உண்டு. ஆகவே உருவங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. இன்று அந்த வறுமை இல்லை. ஆயினும் 2018-இல் வந்த 'செலஸ்ட்' என்னும் விளையாட்டை, வேண்டுமென்றே 320-க்கு 180 புள்ளிகளில் வரைந்து, பிறகு பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். மேடலின் என்ற பெண் தன் மனக்கலக்கத்தோடு போராடிக்கொண்டே ஒரு மலையுச்சிக்கு ஏறுகிறாள். பழைய தோற்றம் பழைய நாள்களை நினைவூட்டுவது உண்மைதான். ஆனால் எனக்கு இன்பம் தருவது தோற்றமன்று, அவளுடைய தாவல்.

அவளுடைய இயக்கத்துக்கான நிரலை அதை எழுதியவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். அதிலுள்ள எண்களைக் கொண்டு கணக்கிடுவோம். அவள் விநாடிக்கு 105 புள்ளி வேகத்தில் எழும்புகிறாள். கீழ்நோக்கிய முடுக்கம் 900. வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால் உயரம் கிடைக்கும் என்று படித்திருக்கிறீர்கள். விடை 6 புள்ளிக்குச் சற்று மேல். பொத்தானைத் தொட்டவுடன் விட்டுவிட்டால் அவள் அந்த அளவை ஒட்டியே எழும்புகிறாள்.

பொத்தானை அழுத்தியபடியே இருந்தாலோ கதை வேறு. முதல் 0.2 விநாடிக்கு ஈர்ப்பு அவளைத் தீண்டுவதில்லை. வேகம் குறையாமல் 21 புள்ளி ஏறிவிடுகிறாள். அதன் பின்னரே வேகம் குறைகிறது. அது 40-க்குக் கீழே வந்ததும் ஈர்ப்பு பாதியாகிறது. உச்சியில் ஒரு கணம் மிதப்பது போலத் தோன்றுவது இதனால்தான். மொத்த உயரம் சுமார் 28 புள்ளி. இறங்கும்போது வேகம் சாதாரணமாக 160-ஐத் தாண்டுவதில்லை. மழைத்துளிக்குக் காற்றுத்தடையால் முற்றுத் திசைவேகம் அமைகிறதல்லவா? இங்கே அந்த வேலையைச் செய்வது ஓர் எண்.

இனி இதை நம் உலக அளவுக்கு மாற்றுவோம். கணக்கில் அவளுடைய உயரம் 11 புள்ளி. அதை 1.6 மீட்டர் என்று கொண்டால், ஒரு புள்ளி ஏறத்தாழ 14.5 செ.மீ. அப்படியானால் அவள் தாவும் உயரம் 4 மீட்டர்! ஈர்ப்பு முடுக்கமோ விநாடிக்கு விநாடி 131 மீட்டர். புவியினுடையதைப் போல் 13 மடங்கு. வியாழனின் ஈர்ப்புகூட இரண்டரை மடங்குதான்.

இவ்வளவு கடுமையான ஈர்ப்பு எதற்கு? காலத்தைக் கணக்கிட்டால் புரியும். புவியில் 4 மீட்டர் எழும்பி இறங்க 1.8 விநாடி வேண்டும். அவ்வளவு நேரம் அந்தரத்தில் தொங்கினால் ஆட்டம் சவசவத்துப் போகும். மேடலினுக்கு ஆவது சுமார் 0.66 விநாடி. நாம் அரை மீட்டர் துள்ளி இறங்கவும் ஏறத்தாழ இதே நேரம்தான் ஆகிறது! உயரத்தை எட்டு மடங்காக்கிவிட்டுக் காலத்தை மட்டும் மனிதத் துள்ளலின் அளவிலேயே விட்டிருக்கிறார்கள். நம் விரல் அந்தத் தாவலைத் தன்னுடையதாக உணர்வதற்கு இது ஒரு காரணம் என்பது என் கருத்து.

இன்னொரு சலுகையும் உண்டு. மேடையின் விளிம்பைக் கடந்த பிறகும் 0.1 விநாடி வரை அவளால் தாவ முடியும். விநாடிக்கு 90 புள்ளி வேகத்தில் ஓடுபவள் அதற்குள் 9 புள்ளி தூரம் வெறும் காற்றில் போயிருப்பாள்! இது மோசடியா? விளிம்பைக் கண்டு விரல் அசைய நமக்குச் சற்று நேரம் பிடிக்கிறது. அந்தத் தாமதத்தை நிரல் தன் கணக்கில் ஏற்றுக்கொள்கிறது. 1981-இல் வந்த 'டாங்கி காங்' விளையாட்டில் எழும்பிய பிறகு திசையைக்கூட மாற்ற முடியாது. ஆக, செலஸ்ட் பழைய ஆட்டத்தின் முகத்தை வைத்துக்கொண்டு அதன் கண்டிப்பைத் தளர்த்தியிருக்கிறது.

தாவல் விளையாட்டு ஏதேனும் உங்களுக்குக் கிடைத்தால், ஒரு தாவலைக் கைப்பேசியில் விநாடிக்கு 60 படம் வீதம் பதிவு செய்யுங்கள். படம் படமாக நகர்த்தி, உயரத்தை அளந்து வரைபடத்தாளில் குறியுங்கள். எறிந்த பந்துக்கு ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் ஒத்திருக்கும். உங்கள் வளைவில் எந்த இடத்தில் ஒத்துவரவில்லை, அப்போது பொத்தான் அழுந்தியிருந்ததா என்று பாருங்கள்.