அலைவுகளினூடே போக்கைக் காணல்

ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலையில், 1958-ஆம் ஆண்டு சார்லஸ் கீலிங் என்பார் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். பத்து லட்சம் பங்கு காற்றில் அஃது அன்று ஏறத்தாழ 316 பங்கு இருந்தது. 2023-ஆம் ஆண்டின் சராசரியோ 421. எனினும் மே முதல் செப்டம்பர் வரையுள்ள அளவுகளை மட்டும் நோக்குவோர், வாயு குறைந்து வருவதாகவே முடிவு செய்வர். வடகோளத் தாவரங்கள் தழைக்குங்கால் அதனை உட்கொள்வதே காரணம். பின்னர் அவை மட்கும்போது அளவு மீண்டும் ஏறும். இவ்வலைவு ஏறத்தாழ 6 பங்கு. 1960-களின் முற்பகுதியில் ஆண்டு உயர்வோ ஒரு பங்கினும் குறைவு.

அலைவின் காலம் 12 மாதமாதலின், 12 மாதச் சராசரியில் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். 10 மாதச் சராசரி எடுப்பின் அலைவின் ஒரு கூறு எஞ்சி நின்று மயக்கும். ஆனால் பன்னிரண்டிற்கு நடு மாதம் இல்லை. ஆகவே 13 மாதங்களை எடுத்து, முதலையும் ஈற்றையும் பாதியாக்கிக் கூட்டி, 12-ஆல் வகுத்தல் வேண்டும். அடுத்த மாதத்திற்கு நகர்ந்து இதனையே திரும்பச் செய்யுமாறு கணிப்பொறிக்குச் சில வரிகளில் கட்டளை எழுதிவிடலாம். வரைவின் இரு முனைகளிலும் ஆறாறு மாதங்கள் விடுபடும். அவற்றைக் கண்மதிப்பால் நீட்டுதல் தகாது.

மற்றோர் இடர் உண்டு. 1964-இல் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அளவுகள் இல்லை. அட்டவணையில் அவ்விடங்களில் -99.99 என்று குறித்திருப்பர். பொறி அதனையும் அளவென்றே கொள்ளும். அத்தகைய ஒரு மாதம் புகினும் சராசரி ஏறத்தாழ 35 பங்கு சரிந்துவிடும். எனவே கூட்டுவதற்கு முன், எண் எதிர்மறையாயின் அச்சராசரியையே விட்டுவிடுமாறு கட்டளையிடுக.