பணம் எங்கே நிற்கிறது?

இணையத்தின் வழியே பொருள் விற்கும் வாடிக்கையாளர்கள் கிளைக்கு வந்து அடிக்கடி எழுப்பும் முறையீடு ஒன்று உண்டு: வங்கி தங்கள் பணத்தை நிறுத்தி வைத்துவிட்டது என்பதே அது. கணக்கைப் பார்த்தால், பல வேளைகளில் எவ்விதத் தடையும் இருப்பதில்லை. அவர்கள் கூறும் தொகை வங்கிக்கு வந்து சேரவே இல்லை. சில வேளைகளில் வந்த தொகைக்கு ஈடாக அடுத்த வரவில் பிடித்தம் செய்யப்பட்டிருக்கும். மிகச் சில வேளைகளில் கணக்கின் மீதே தடை இருக்கும். விற்பவருக்கு இம்மூன்றும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் மனு அளிக்க வேண்டிய இடம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆகவே, தொகை யாரிடம் நிற்கிறது என்பதை அறிவதே முதற்பணி.

கைத்தறிச் சேலைகளை இணையத்தில் விற்கும் ஒருவர், புனேயில் உள்ள ஒருவருக்கு 6,800 ரூபாய்க்கு ஒரு சேலையை அனுப்பினார் எனக் கொள்வோம். வாங்கியவர் கார்டு மூலம் செலுத்திய தொகை நேரே விற்றவரின் கணக்கிற்கு வருவதில்லை. இடையில் பேமென்ட் கேட்வே என்று வழக்கில் சொல்லப்படும் கட்டணத் திரட்டு நிறுவனம் அதனைப் பெறுகிறது. வங்கியல்லாத இத்தகைய நிறுவனங்கள், அத்தொகையை வணிக வங்கி ஒன்றில் எஸ்க்ரோ கணக்கில் வைத்தே வழங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 மார்ச் மாதத்தில் நெறிமுறை வகுத்தது. சேலையின் நிறம் வேறு என்று வாங்கியவர் முறையிட்டால் தொகை இந்த இடத்திலேயே நிறுத்தப்படலாம். விற்பனை திடீரெனப் பன்மடங்கு உயர்ந்தாலும், கேஒய்சி விவரங்கள் பொருந்தாவிட்டாலும் இவ்வாறு நேர்வதுண்டு. இந்நிலையில் உங்கள் கிளை மேலாளரால் செய்யக்கூடியது ஏதுமில்லை. அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு, பரிவர்த்தனை எண்ணைக் குறிப்பிட்டு எழுத்து வடிவில் கேட்க வேண்டும். எக்காரணத்தால் நிறுத்தப்பட்டது, எந்த ஆவணம் தேவை, எந்நாளில் விடுவிக்கப்படும் என்ற மூன்றையும் கேளுங்கள். தொலைபேசியில் பெறும் உறுதிமொழி பின்னர் பயன்படுவதில்லை.

இரண்டாவது நிலை சார்ஜ்பேக். வாங்கியவர் விற்றவரிடம் பேசாமல், கார்டு வழங்கிய தமது வங்கியிடம் முறையிடுகிறார். அவ்வங்கி கார்டு வலையமைப்பின் வழியே தொகையைத் திரும்பக் கேட்கிறது. பெரும்பாலான வகைகளில் இதற்கு 120 நாட்கள் வரை அவகாசம் உண்டு என்பதால், விற்றவர் மறந்துபோன ஒரு விற்பனைக்கும் அறிவிப்பு வரலாம். பதிலளிக்க அவருக்குக் கிடைப்பதோ சில நாட்களே. பதில் அளிக்காவிடில் முறையீட்டை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். நியாயம் தம் பக்கம் இருந்தும் தோற்ற விற்பனையாளர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். மின்னஞ்சலை நாள்தோறும் பாராததே அவர்கள் செய்த பிழை.

சான்றுகள் முறையீட்டின் காரணத்திற்குப் பொருந்த வேண்டும். பொருள் வரவில்லை என்பது புகாரானால், கூரியர் எண்ணும், பெற்றுக்கொண்டவரின் கையொப்பம் அல்லது ஓடிபி பதிவும் போதும். வந்த பொருள் வேறு என்பது புகாரானால், கூரியர் சீட்டு உதவாது. விற்பனைப் பக்கத்தில் இருந்த படமும் வருணனையும், பொதி கட்டும்போது எடுத்த காணொளியும், வாங்கியவருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலும் வேண்டும். பணம் செலுத்தியவர் தாம் அல்லர் என்பது புகாரானால், பரிவர்த்தனை ஓடிபி மூலம் உறுதிசெய்யப்பட்டது என்ற பதிவைக் கட்டணத் திரட்டு நிறுவனத்திடம் பெற்று இணைக்க வேண்டும். எல்லாச் சான்றுகளையும் ஒரே கட்டாக அனுப்புவோர் உண்டு. ஐம்பது பக்கங்களை யாரும் படிப்பதில்லை. பொருத்தமான நான்கு பக்கங்கள் படிக்கப்படுகின்றன.

இவ்விடத்தில் நேரும் பெரிய இழப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். சார்ஜ்பேக் நிலுவையில் இருக்கும்போது, வாங்கியவர் தொலைபேசியில் வருந்திப் பேச, விற்றவர் இரக்கப்பட்டு யுபிஐ வழியே 6,800 ரூபாயை அனுப்பிவிடுகிறார். முறையீடோ தன் வழியில் நடந்து, அதே தொகை மீண்டும் பிடிக்கப்படுகிறது. சேலையும் போய், பணமும் இருமுறை போகிறது. திருப்பித் தர முடிவு செய்தால், முறையீடு நிலுவையில் உள்ளதா என்பதை முதலில் கேட்டறிந்து, பணம் வந்த அதே வழியில், அதே கார்டுக்கே திருப்புங்கள். வேறு எண்ணுக்கு அனுப்பக் கோருபவரிடம் ஐயம் கொள்வது முறையே.

மூன்றாவது நிலையே மிகக் கடுமையானது. ஏமாற்றப்பட்ட ஒருவர் 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ முறையிட்டால், அவர் இழந்த பணம் சென்ற கணக்குகள் ஒவ்வொன்றாகத் தொடரப்படுகின்றன. அப்பணத்தைக் கொண்டு ஒருவர் உங்களிடம் சேலை வாங்கியிருந்தால், குற்றத்தை அறியாத உங்கள் கணக்கும் அந்த வரிசையில் வரும். காவல் துறைக்கு இதற்குரிய அதிகாரத்தைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அளிக்கிறது. கோரிக்கை வந்தபின் வங்கி தன் விருப்பப்படி தடையை நீக்க இயலாது. இதனைச் சொல்லும்போது வாடிக்கையாளரின் முகம் மாறுவதை நாங்கள் அறிவோம். ஆயினும் உண்மை இதுவே.

ஆனால் வங்கியிடம் கேட்டுப் பெற வேண்டியவை சில உண்டு. எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், புகார் எண் யாது, ஐயத்திற்குரிய தொகை எவ்வளவு, கணக்கு முழுவதும் முடக்கப்பட்டதா, குறிப்பிட்ட தொகைக்கு மட்டும் லீன் இடப்பட்டதா என்பவற்றை எழுத்து வடிவில் கேளுங்கள். 6,800 ரூபாய்க்கான ஐயத்திற்காக நான்கு இலட்சம் இருப்புள்ள கணக்கு முழுவதும் முடங்க வேண்டியதில்லை. கேரள உயர் நீதிமன்றம் 2023-லும், சென்னை உயர் நீதிமன்றம் 2024-லும் தடையை ஐயத்திற்குரிய தொகையின் அளவில் நிறுத்தும் வகையில் ஆணையிட்டுள்ளன. அந்த விற்பனைக்குரிய விலைப்பட்டியல், கூரியர் சான்று ஆகியவற்றுடன் விசாரணை அலுவலருக்கு மனு அனுப்பி, அதன் நகலைக் கிளையிலும் அளியுங்கள். பயன் இல்லையெனில் வழக்கறிஞர் மூலம் உரிய நீதித்துறை நடுவரை அணுகலாம். கட்டணம் பெற்று முடக்கத்தை நீக்கித் தருவதாகக் கூறும் இடைத்தரகரை நம்பி ஓடிபி எதனையும் பகிர வேண்டாம்.

தடை நீடிக்கும் நாட்களில் கடன் தவணையை மறந்துவிடக் கூடாது. முடங்கிய கணக்கிலிருந்து தவணை எடுக்க இயலாமற்போனால் அபராதமும் கடன் மதிப்பெண் குறைவும் நேரும். தவணை நாளுக்கு முன்பே கிளைக்கு வந்து, கடன் கணக்கில் நேரடியாகச் செலுத்துங்கள். வீட்டுச் செலவுக்குரிய சேமிப்புக் கணக்கிலேயே விற்பனைப் பணத்தையும் பெறுவோர் இத்தகைய நேரத்தில் பால்காரருக்குக் கொடுக்கவும் வழியின்றித் தவிக்கின்றனர். வணிகத்திற்கென நடப்புக் கணக்கு ஒன்றைத் தனியே வைத்திருப்பின் பாதிப்பு அதனளவில் நிற்க வாய்ப்புண்டு.

மேற்கண்ட விவரங்களைத் தர வங்கி மறுத்தாலோ, காவல் துறை தடையை நீக்கச் சொல்லியும் தாமதித்தாலோ வங்கியிடம் எழுத்து வடிவில் முறையிடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிடில் அல்லது பதில் நிறைவளிக்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரங்களுக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம். வங்கியிடம் அளித்த முறையீட்டின் நகலும், அதனைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையும் அங்கே தேவைப்படும்.