ஊவா மலைக்கு எந்த இயந்திரம்? பற்றரியா, பெற்றோலா, ஜெட்டா?

தோட்டத்துக்கு ஆளில்லா விமானம் வாங்க நினைக்கும் நிர்வாகமும், அதைத் தாமே செய்து பார்க்க விரும்பும் மாணவரும் முதலில் தீர்மானிக்க வேண்டியது இயந்திரத்தை. விலையைப் பார்ப்பதற்கு முன் வேலையைப் பாருங்கள். பதுளை ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; நமுனுகுலை உச்சி 2,000 மீற்றரைத் தாண்டுகிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. எந்த இயந்திரமானாலும் விளம்பரத்தில் சொன்ன சுமையை இங்கே எதிர்பார்க்க முடியாது.

மருந்தடிக்க: பற்றரி

தேயிலை மட்டத்துக்குச் சற்று மேலே, சரிவோடு ஏறி இறங்கி மெதுவாகப் பறக்க, பல விசிறிகள் கொண்ட ட்ரோன்தான் ஏற்றது. ஓடுபாதை தேவையில்லை. குறை, பறக்கும் நேரம்: மருந்துத் தாங்கி நிறைந்திருந்தால் பத்து நிமிட அளவிலேயே இறக்க வேண்டியிருக்கும். ஒரு கிலோ மண்ணெண்ணெயில் உள்ள சக்தி, ஒரு கிலோ லிதியம் பற்றரியில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐம்பது மடங்கு. ஆகவே மேலதிகப் பற்றரிகளையும் மலையில் சார்ஜ் செய்ய ஜெனரேட்டரையும் சேர்த்தே விலை கேளுங்கள். காற்று பலமாக வீசும் நேரத்தில் அடிக்க வேண்டாம். மருந்து லயன் வீடுகளுக்கும் குடிநீருக்கும் போய்ச் சேரும்.

மண்சரிவைக் கண்காணிக்க: பெற்றோல்

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்ததை ஊவா மறக்காது. நிலவெடிப்பு, புதிய ஊற்று, திசைமாறிய ஓடை ஆகியவற்றைத் தேடிப் பல தோட்டங்களைச் சுற்றிவர, மணிக்கணக்கில் பறக்கும் விமானம் வேண்டும். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்ஷா குழு இதற்கு வழி காட்டியிருக்கிறது. பெற்றோல் இயந்திரத்தால் மின்சாரம் பிறப்பித்து விசிறிகளைச் சுழற்றும் அவர்களது கலப்பு ட்ரோன் ஆறு மணி நேரம் அளவில் வானில் நின்றது.

வேகத்துக்கு மட்டும்: ஜெட்

ஜெட் இயந்திரம் கொஞ்சக் காற்றை மிக வேகமாகப் பின்னே தள்ளுகிறது. விமானம் மெதுவாகப் பறந்தால் அந்தச் சக்தியில் பெரும்பகுதி வீணாகும். பத்துக் கிலோ உந்துவிசை தரும் சிறிய ஜெட், முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு இருபது லீட்டர் அளவில் எரிபொருள் குடிக்கும். இறங்க நீண்ட சமதரை வேண்டும். பல நூறு பாகை வெப்பத்தில் வெளிவரும் புகை, வறட்சிக் காலத்தில் மானாப்புல்லைப் பற்றவைக்கக்கூடும்.

வேகமே வேலையாக இருக்கும் இடத்தில் கதை வேறு. பீரங்கியும் ஏவுகணையும் குறிபார்த்துப் பழகுவதற்கான இந்தியாவின் லக்ஷ்யா விமானத்துக்கு, இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரித்த பி.டி.ஏ.ஈ.-7 ஜெட்டே பொருந்தியது.

ஜெட்டை மலிவாகச் செய்ய முடியுமா?

முடியும். ஜேர்மனியரான குர்ட் ஷ்ரெக்லிங் காற்றை அழுத்தும் அமுக்கிச் சக்கரத்தை மரத்தால் செய்தே சிறிய ஜெட்டை ஓட்டிக் காட்டினார். பின்னர் வந்த கே.ஜே.66 வடிவமைப்பு, வாகன டர்போவின் 66 மில்லிமீற்றர் சக்கரத்தைப் பயன்படுத்தியது. ஒரே அமுக்கி, குறைந்த பாகங்கள், குறுகிய ஆயுள் ஆகிய மூன்றும் விலையைக் குறைக்கின்றன. வெப்பம் தாங்கும் சுழலி (டர்பைன்), நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும் தாங்கிகள், துல்லியமான சமநிலை ஆகிய மூன்றில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. சுழலி உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

முடிவு

தோட்டத்துக்கு வாங்குவதானால் மருந்தடிக்கப் பற்றரி, கண்காணிக்கப் பெற்றோல், ஜெட் வேண்டாம். ஆனால் பயில்வதற்கு ஜெட்டைப்போல் நல்ல ஆசான் இல்லை: உலோகவியல், வெப்பவியல், கடைசல் வேலை எல்லாம் அதில் ஒன்றுசேர்கின்றன. பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அத்தகைய ஆய்வுகூடங்களின் கதவு திறக்க வேண்டும். இயந்திரத்தை முதலில் பாதுகாப்புச் சுவருக்குப் பின்னால், சோதனை மேடையில் ஓட்டுங்கள். எதைப் பறக்கவிடுவதானாலும் அதற்குமுன் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளை அறிந்து, உரிய அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள்.