மலையும் பால்வீதியும் ஒரே படத்தில்: குறைந்த விலையில் அல்ட்ரா வைடு லென்ஸ் தேர்வு

லண்டனில் நின்று பார்ப்பவருக்குப் பால்வீதியின் மையம் தெற்கே பத்து பாகை உயரத்தைக்கூட எட்டாது. கொடைக்கானலில் நிற்பவருக்கு அது ஐம்பது பாகைக்கு ஏறிவிடும். ஏப்ரல் நடுவில், அதிகாலை நாலரை மணிவாக்கில், விருச்சிகத்தின் வாலுக்கும் தனுசுக்கும் இடையே அந்த மையம் உச்சத்தில் நிற்கும். தென்மேற்குப் பருவமழை மேகங்கள் மலையை மூடுவதற்கு முன் நமக்குக் கிடைக்கும் நல்ல காலம் அது.

ஐரோப்பியர்கள் எழுதும் லென்ஸ் மதிப்பீடுகளைப் படித்து வாங்குபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அங்கே 24 மி.மீ. லென்ஸிலேயே தரையும் மையமும் தாராளமாக அடங்கும். ஃபுல் ஃப்ரேம் கேமராவைக் கிடைமட்டமாக வைத்தால் அந்த லென்ஸ் மேலும் கீழுமாகக் காட்டுவது 53 பாகை. இங்கே தொடுவானத்தைப் படத்துக்குள் வைத்தால் மையம் மேல் விளிம்பில் முட்டும். 20 மி.மீ. 62 பாகை காட்டும், 16 மி.மீ. 74, 14 மி.மீ. 81. மலையையும் உச்சத்தில் நிற்கும் மையத்தையும் ஒரே சொடுக்கில் எடுக்க விரும்பும் நமக்கு 16 மி.மீ.யும் அதற்குக் கீழும் உண்மையிலேயே தேவைப்படுகிறது.

பகல் கேட்பது, இரவு கேட்பது

பகல் நிலக்காட்சிக்கு எஃப் 8 போதும். அதில் மலிவான லென்ஸ்களும் நன்றாகவே படம் தரும். அங்கே பார்க்க வேண்டியவை இரண்டு: தொடுவானம் வளையாமல் வருகிறதா, முன்னால் ஃபில்டர் மாட்ட முடியுமா. அருவியையும் அலையையும் நீண்ட எக்ஸ்போஷரில் எடுப்பவருக்கு என்டி ஃபில்டர் இல்லாமல் வேலை நடக்காது. போலரைசர் மாட்ட முடியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். இவ்வளவு அகலமான பார்வையில் அது வானத்தின் ஒரு பகுதியை மட்டும் கருநீலமாக்கிவிடும்.

இரவுக்கு முழு அப்பெர்ச்சரில் எடுத்தாக வேண்டும். லென்ஸின் குறைகள் வெளியே வருவது அப்போதுதான். மூலைகளில் உள்ள நட்சத்திரங்கள் இறக்கை விரித்த பூச்சிபோலச் சிதறினால் அது கோமா. பின்னால் மென்பொருளில் சரிசெய்ய முடியாது. மூலைகள் இருண்டால் அது விக்னெட்டிங். வெளிச்சமாக்கிக்கொள்ளலாம், ஆனால் அங்கே நாய்ஸ் கூடும். டிஸ்டார்ஷன் வானத்தில் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. ஆகவே இரவுக்கு வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி கோமா பற்றியது.

ஆட்டோ ஃபோகஸ் இல்லையே என்று தயங்கத் தேவையில்லை. 14 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து ஒரு மீட்டருக்குச் சற்று முன்னால் ஃபோகஸ் செய்தால், அரை மீட்டரிலிருந்து தொலைதூர மலைவரை தெளிவாக வரும். இரவிலோ, லைவ் வியூவைப் பெரிதாக்கி, பிரகாசமான ஒரு நட்சத்திரம் மிகச் சிறிய புள்ளியாகும்வரை கையால் திருப்புவதுதான் நம்பகமான வழி.

நான்கு லென்ஸ்கள்

சாம்யாங் 14 மி.மீ. எஃப் 2.8 (மேனுவல் ஃபோகஸ்): ரோக்கினான் என்ற பெயரிலும் விற்பது இதுவே. குறைந்த செலவில் பால்வீதி எடுக்க நினைத்த ஏராளமானோருக்கு முதல் லென்ஸ் இதுதான். காரணம், முழு அப்பெர்ச்சரிலும் கோமா குறைவு. விலைக்கு ஈடாக விட்டுக்கொடுப்பவையும் உண்டு. முன்கண்ணாடி குமிழாகப் புடைத்திருப்பதால் திருகும் ஃபில்டர் மாட்ட முடியாது. பெரிய சதுர ஃபில்டரும் அதற்கான தாங்கியும் தனிச்செலவு. நேர்கோடுகள் மீசைபோல அலையாக வளையும். கடலின் தொடுவானத்தை எடுப்பவர் இந்த லென்ஸுக்கான புரொஃபைலைக் கொண்டே திருத்த வேண்டியிருக்கும்.

கேனான் ஆர்எஃப் 16 மி.மீ. எஃப் 2.8: 2021-இல் வந்தது. எடை 165 கிராம், ஃபில்டர் அளவு 43 மி.மீ., ஆட்டோ ஃபோகஸ் உண்டு. பையில் இருப்பதே தெரியாது என்பதால் மலையேறுபவருக்குப் பிடிக்கும். இதன் டிஸ்டார்ஷனையும் மூலை இருளையும் மென்பொருள்தான் சமாளிக்கிறது. திருத்தாத ரா ஃபைலைத் திறந்தால் இரண்டும் அப்பட்டமாகத் தெரியும். பகல் பயணத்துக்குச் சிறந்தது. இரவில் மூலைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சாம்யாங் 12 மி.மீ. எஃப் 2 (மேனுவல் ஃபோகஸ்): ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கேமராக்களுக்கானது. கால் கிலோ அளவுதான் எடை, 67 மி.மீ. ஃபில்டர் நேராகத் திருகலாம். ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 18 மி.மீ.க்குச் சமம், கிடைமட்டமாக வைத்தால் செங்குத்துப் பார்வை 66 பாகை. கோமா நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது. பகலும் இரவும் கேட்பதை இந்த விலையில் ஒன்றாகத் தருவது இதுவே.

வில்ட்ராக்ஸ் 16 மி.மீ. எஃப் 1.8: ஃபுல் ஃப்ரேம், ஆட்டோ ஃபோகஸ், 77 மி.மீ. ஃபில்டர், எடை அரை கிலோவுக்கு மேல். நான்கில் விலை கூடியது. ஆனாலும் பெரிய கேமரா நிறுவனங்களின் இதே வகை லென்ஸ்களோடு பார்த்தால் சிக்கனமானது.

வெளிச்சக் கணக்கு

நட்சத்திரத்தின் ஒளியை எவ்வளவு திரட்டும் என்பதை அறிய, குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 14 மி.மீ. எஃப் 2.8 என்றால் திறப்பின் விட்டம் 5 மி.மீ.; 12 மி.மீ. எஃப் 2 என்றால் 6 மி.மீ.; 16 மி.மீ. எஃப் 1.8 என்றால் ஏறக்குறைய 9 மி.மீ. பரப்பில் ஒப்பிட்டால் கடைசி லென்ஸ் முதலாவதைப்போல மூன்று மடங்குக்கு மேல் திரட்டும். மங்கிய நட்சத்திரங்கள் படத்தில் பதிவதில் இந்த வேறுபாடு தெரியும்.

அகல லென்ஸுக்கு வேறொரு சாதகம் உண்டு: ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கலாம். 500-ஐ ஃபுல் ஃப்ரேம் குவியத் தூரத்தால் வகுக்கும் பழைய விதிப்படி 14 மி.மீ.க்கு 35 விநாடி, 16 மி.மீ.க்கு 31. இன்றைய கேமராக்களின் நுணுக்கத்துக்கு அது தாராளம். நட்சத்திரங்கள் கோடாக நீளும். 15 முதல் 20 விநாடியில் நின்றுகொள்ளுங்கள்.

யாருக்கு எது

ஏபிஎஸ்-சி கேமரா வைத்திருப்பவர் யோசிக்காமல் 12 மி.மீ. எஃப் 2 வாங்கலாம். அகலமான பார்வைக்காக ஃபுல் ஃப்ரேமுக்கு மாற வேண்டியதில்லை. ஃபுல் ஃப்ரேமும் குறைந்த பணமும் இரவு வானமும் என்றால் 14 மி.மீ. எஃப் 2.8. கேனான் ஆர்எஃப் கேமராவோடு பகலில் நடப்பவருக்கு 16 மி.மீ. எஃப் 2.8 ஏற்றது. அருவி, கடல், பால்வீதி மூன்றும் வேண்டுபவர் சில மாதம் சேமித்து எஃப் 1.8-க்குப் போவதே நல்லது.

பழைய லென்ஸ் வாங்குவதானால் மேனுவல் லென்ஸில் ஆபத்து குறைவு. பழுதாக மோட்டாரே கிடையாது. ஆனால் நம் கடலோர ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். டார்ச் அடித்து உள்கண்ணாடிகளைப் பாருங்கள். புடைத்த முன்கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். எலக்ட்ரானிக் தொடர்பு இல்லாத லென்ஸ் என்றால், லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும் அமைப்பைக் கேமரா மெனுவில் இயக்க வேண்டும்.

புதிதோ பழையதோ, ஒரே மாடலில் ஒன்று கூர்மையாகவும் இன்னொன்று மங்கலாகவும் இருக்கக்கூடும். உள்ளே ஒரு கண்ணாடி சற்றே சாய்ந்திருந்தாலும் படத்தின் ஒரு பக்கம் மங்கும். டிரைபாடில் வைத்து, முழு அப்பெர்ச்சரில், தொலைவிலுள்ள ஒரே விளக்கை அல்லது நட்சத்திரத்தை நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்து எடுத்து ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவில் சிதறினால் அது அந்த மாடலின் இயல்பு. ஒரு மூலை மட்டும் மோசமென்றால் அந்த லென்ஸில் கோளாறு. அப்போதே முடிவிலியின் சரியான இடத்தைக் கண்டுபிடித்து வளையத்தில் சிறு டேப் ஒட்டிவிடுங்கள். அச்சிட்ட அளவுகோலை நம்ப வேண்டாம். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.