இரு செவிகளும் ஒன்றுபோல் கேளாதபோது

குறைவாகப் பேசி நிறையக் கேட்பதற்காகவே இறைவன் நமக்கு ஒரு வாயையும் இரண்டு காதுகளையும் தந்தான் என்று பெரியோர் வேடிக்கையாகக் கூறுவர். விஞ்ஞானம் வேறொரு காரணமும் கூறுகிறது. ஒலி வரும் திசையை அறிய இரண்டு செவிகள் வேண்டும். நம் ஆவூர்க் கோயில் மணி வலப்புறமிருந்து ஒலித்தால், அவ்வொலி முதலில் வலச்செவியை அடைகிறது. இடச்செவியை அடைய ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே கூடுதலாகிறது. அந்தச் சிறு வேற்றுமையையும் மூளை கணக்கிட்டுவிடுகிறது! அத்துடன் நம் தலை ஒரு சுவர்போல் நின்று, 'ஸ்', 'ஷ்' போன்ற கூர்மையான ஒலிகளை மறுபக்கம் செல்லவிடாமல் தடுக்கிறது. மேளம் போன்ற கனத்த ஒலிகளோ தலையைச் சுற்றி வளைந்து சென்றுவிடும்.

பிறவியிலேயே கேளாத குழந்தைகளுக்கு இன்று காக்ளியர் இம்ப்ளான்ட் என்னும் கருவியைப் பொருத்துகின்றனர். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் டாக்டர் கிரேம் கிளார்க் 1978-ஆம் ஆண்டில் இதன் பலமுனை வடிவத்தை ஒருவருக்குப் பொருத்தினார். நத்தைக்கூடு போன்ற உட்செவிக்குள் மெல்லிய கம்பிச்சரம் செல்கிறது. காதுக்கு வெளியே ஒரு சிறு பெட்டியும், தலையில் காந்தத்தால் ஒட்டிநிற்கும் வில்லையும் இருக்கும். இயற்கையில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் செல்கள் செய்யும் வேலையை 12 முதல் 22 வரையுள்ள மின்முனைகள் செய்ய முயல்கின்றன. ல, ள, ழ வேறுபாடு நமக்கே சங்கடமாயிருக்க, அக்குழந்தைகள் அதைக் கற்பது வியப்பன்றோ!

பல லட்ச ரூபாய் செலவாகும் இச்சிகிச்சை, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசமாகச் செய்யப்படுகிறது. ஆனால் பெரும்பாலும் ஒரு காதுக்கே. மறு காதின் நிலை என்ன?

நம் தொடக்க வகுப்பில் இக்கருவி அணிந்த சிறுமி ஒருத்தி படிக்கிறாள். இடப்புறமிருந்து அழைத்தால் திரும்பமாட்டாள். அதைக் கர்வம் என்று எண்ணியவர்களும் உண்டு. உண்மையில் அவள் தலையே அவளுக்கு மறைப்பாகிறது. வலப்புறமிருந்து அழைத்தாலும் குரல் கேட்குமேயன்றி எங்கிருந்து என்று தெரியாது. சாலையில் பஸ் ஹாரன் கேட்கும், பஸ் வரும் பக்கம் தெரியாது. இதுவே பெரிய ஆபத்து. ஆதலால் இருபுறமும் கண்ணால் பார்த்துக் கடக்கும் வழக்கத்தை அவளுக்குப் பழக்க வேண்டும்.

அறுவைச் சிகிச்சை முடிந்ததும், மறு காதில் முன்பு அணிந்த காதுக் கருவியைப் பெற்றோர் சிலர் அலமாரியில் பூட்டிவிடுகின்றனர். அக்காதில் சிறிதளவேனும் கேட்கும் திறன் இருந்தால் அது நஷ்டமே. சாதாரணக் கருவி கனத்த ஒலிகளையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் தருகிறது. இம்ப்ளான்ட் மெய்யெழுத்துகளின் கூர்மையைத் தருகிறது. இரண்டும் சேரும்போது பேச்சும் பாட்டும் நன்கு விளங்கும். தொடக்கத்தில் இரு காதுகளிலும் இருவேறு குரல்கள் பேசுவதுபோல் தோன்றுமாம். ஆடியாலஜிஸ்ட் இரண்டின் ஒலி அளவையும் சமன்செய்து தருவார்.

சில ஆண்டுகள் கழித்து மறு காதுக்கும் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. பழைய காது பத்தாம் வகுப்பென்றால் புதிய காது அரிச்சுவடி வகுப்பு! இடைவெளி நீண்டால் கடினமும் கூடும். எனவே தினமும் சிறிது நேரம் வல்லமையுள்ள காதின் கருவியைக் கழற்றிவிட்டு, புதிய காதால் மட்டும் கேட்டுப் பழகச் செய்கின்றனர். மனப்பாடமான ஜெபங்களிலிருந்து தொடங்கலாம் என்பது எங்கள் எண்ணம். அடுத்த சொல் முன்பே தெரிந்திருப்பதால் குழந்தை சோர்ந்துவிடாது.

வகுப்பில் இடம் மிக முக்கியம். வலக்காதில் கருவி இருப்பவள் முன்வரிசையில் இடக்கோடியில், சுவரோரம் அமர்ந்தால் ஆசிரியையும் தோழியரும் அவளுடைய நல்ல காதின் பக்கம் அமைவர். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். நடந்து செல்கையில் நாம் அவள் வலப்புறம் வரலாம்.

கருவி பழுதானதைச் சிறு குழந்தை சொல்லாது. அதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. காலையில் தாய் வாயை மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்னும் ஆறு ஒலிகளையும் முன்பின்னாக மாற்றி மாற்றிச் சொல்ல, குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டும். வழக்கமாகச் சொல்லும் ஒலி ஏதேனும் ஒரு பக்கம் விடுபட்டால், முதலில் பார்க்க வேண்டியது பாட்டரி. அடுத்தது வில்லைக்குச் செல்லும் கம்பி. அப்போதும் சரிவரவில்லையெனில் அன்றே ஆடியாலஜிஸ்டுக்குத் தெரிவிக்க வேண்டும்.